பழைய 44 இஞ்ச் போட்டோ பிரிண்டர் வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்

அம்பாசமுத்திரத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம், பிரேம் படம், கான்வாஸ் எல்லாவற்றையும் வெளி லேபில் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். சொந்தமாகவே போட்டுவிடலாம் என்று பழைய 44 இஞ்ச் மெஷின் ஒன்றை 1,70,000 ரூபாய்க்கு வாங்கினேன். போய்ப் பார்த்த அன்று படம் பளிச்சென்று வந்தது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சியான் (இளநீல மை) பாதி இல்லை. ஒரு வாரத்தில் இன்னொரு கலரும் போனது.

மெக்கானிக் வந்து பின்பக்கம் இருந்த, கழிவு மை சேரும் வேஸ்ட் டேங்கை உருவிக் காட்டினார். "புதுசு போட்டு ஒரு நாள்தான் ஆச்சுன்னு வித்தவர் சொன்னாரா? பாதிக்கு மேல நிறைஞ்சிருக்கு, பாருங்க அண்ணாச்சி." ஒரு நாளில் அவ்வளவு மை பிரிண்ட் போட்டுச் சேராது. நான் வரப்போகிறேன் என்று தெரிந்ததும், முந்தின நாள் முழுக்க கிளீனிங் மேல் கிளீனிங் (மையை இழுத்து அடைப்பை எடுப்பது) போட்டு, எனக்குக் காட்டுகிற ஒரு மணி நேரத்துக்கு மட்டும் மெஷினை எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்கள். மையைத் தாளில் தெளிக்கும் ஹெட், மை, கூலி என்று மேற்கொண்டு 1,20,000 ரூபாய் போனது.

இரண்டாவது மெஷினை நான் பார்த்து வாங்கிய விதம் வேறு. அதைத்தான் வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன். எழுப்பி வைத்த மெஷினைப் பார்த்துப் பயனில்லை. தூங்கிக் கிடக்கும் மெஷின் நம் கண் முன்னால் எப்படி எழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1. எந்த மெஷின் வேண்டும் என்று முதலில் தெளிவாகுங்கள்

நம் பக்கம் பெரிய பிரிண்டர் என்றாலே பாதிப் பேர் பிளெக்ஸ் மெஷினைத்தான் சொல்வார்கள். அதில் ஓடுவது சால்வென்ட் அல்லது ஈகோ சால்வென்ட் மை. நான் பேசுவது தண்ணீர் கலந்த பிக்மென்ட் மையில் போட்டோ பேப்பர், கான்வாஸ் போடும் மெஷின். இரண்டும் வெவ்வேறு தொழில். புரோக்கரிடம் பேசும்போது இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு பிளெக்ஸ் மெஷினைக் காட்டி உங்கள் அரை நாளைத் தின்றுவிடுவார்கள்.

24 இஞ்ச் என்றால் 610 மில்லிமீட்டர் அகலம், 44 இஞ்ச் என்றால் 1,118 மில்லிமீட்டர். 12க்கு 36 ஆல்பம் ஷீட் 24 இஞ்ச் ரோலிலேயே வந்துவிடும். பெரிய கான்வாஸ் ஆர்டர் மாதம் நாலைந்தாவது இல்லையென்றால் 24 போதும் என்பது என் கருத்து. இடமும் மிச்சம், தூக்குவதும் சுலபம்.

கம்பெனி வாரியாக ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கேனன், எச்பி மெஷின்களில் மையைச் சூடாக்கித் தள்ளும் ஹெட். அது தேய்ந்தால் நாமே கழற்றி மாட்டும் பொருள். கேனன் புரோ 2000, புரோ 4000 இரண்டிலும் ஒரே ஹெட், 12 மை. எச்பி இசட் 3200-ல் ஆறு ஹெட், ஒவ்வொன்றும் இரண்டு கலருக்கு. எப்சனில் பீசோ ஹெட், மையைச் சூடாக்காமல் மின்சாரத்தில் அசையும் தகட்டால் தள்ளுவது. அது நெடுநாள் உழைப்பதற்கென்று செய்தது. ஆனால் மாற்ற வேண்டி வந்தால் ஆளைக் கூப்பிட்டு, சர்வீஸ் சாப்ட்வேரில் அந்த ஹெட்டின் எண்ணைப் பதிய வேண்டும். செலவும் பெரியது. ஆகவே எப்சன் பார்க்கப் போகிறவர்கள் ஹெட் சோதனையில் இரண்டு மடங்கு நேரம் செலவிடுங்கள்.

பளபளப்பில்லாத மேட் பேப்பரும் மெல்லிய பளபளப்புள்ள லஸ்டரும் மாற்றி மாற்றிப் போடுகிறவர் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். எப்சன் 7900, 9900, பி 6000 முதல் பி 9000 வரையுள்ள மாடல்களில் லஸ்டருக்கான போட்டோ பிளாக்கும் மேட்டுக்கான மேட் பிளாக்கும் ஒரே வழியைப் பங்குபோடும். மாற்றும் ஒவ்வொரு முறையும் நேரமும் போகும், மையும் போகும். கேனன் புரோ 2000, 4000-ல் இரண்டு கருப்புக்கும் தனித்தனி வழி.

2. கிளம்பும் முன் போனில் கேட்டு வாங்க வேண்டியவை

பஸ் ஏறும் முன்பே இவற்றை வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள்: மெஷினின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் பட்டையின் போட்டோ, முதலில் வாங்கிய பில்லின் போட்டோ, டிஸ்பிளேயில் மை அளவு தெரியும் போட்டோ, கடைசியாக எந்தத் தேதியில் பிரிண்ட் போட்டார்கள் என்ற பதில். பில்லில் உள்ள சீரியலும் பட்டையில் உள்ள சீரியலும் ஒன்றா என்று பாருங்கள். "பில் எங்கயோ கெடக்கு, நீங்க வாங்க, எடுத்துத் தாரேன்" என்று சொன்னால், எடுத்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வந்த பழைய மெஷின் என்றால் இறக்குமதிக் காகிதத்தைக் கேளுங்கள். எப்சனில் ஒரு நாட்டுக்கென்று விற்ற மெஷின் இன்னொரு நாட்டுக் கார்ட்ரிட்ஜின் சிப்பை ஏற்காமல் போவதுண்டு. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு மைக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸுக்கு அந்த மாடலின் டிரைவர் கம்பெனித் தளத்தில் கிடைக்கிறதா என்றும் அன்றே பாருங்கள். பத்து நிமிட வேலை.

3. மைக் கணக்கைப் போடாமல் விலை பேசாதீர்கள்

நான் முதல் முறை தவறியது இங்கேதான். மெஷின் விலையை மட்டும் பேசினேன். எப்சன் 9900-ல் 11 கார்ட்ரிட்ஜ். அளவு 150, 350, 700 மில்லி என்று மூன்று வகை. டீலரிடம் அன்றைய விலையைக் கேட்டு 11-ஆல் பெருக்குங்கள். உதாரணத்துக்கு, ஒரு கார்ட்ரிட்ஜ் 6,000 ரூபாய் என்று சொன்னால் முழு செட் 66,000. வேஸ்ட் டேங்க் தனி. டிஸ்பிளேயில் எல்லா மையும் பத்து, பதினைந்து சதவீதத்தில் நிற்கும் மெஷினை விற்கிறவர் அந்த 66,000-ஐ உங்கள் தலையில் வைக்கிறார் என்று அர்த்தம். அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வலை: "மை எல்லாம் உருவியாச்சு, சுத்தமா இருக்கு, தூக்கிட்டுப் போறது ஈஸி" என்பார்கள். உருவிய மெஷினைத் திரும்ப நிரப்பும்போது குழாய்கள் குடிக்கும் மையே ஏராளம். அதோடு, மை இல்லாத மெஷினில் எந்தச் சோதனையும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட மெஷினைப் பார்க்கவே போகாதீர்கள்.

ரீபில் கார்ட்ரிட்ஜ் போட்டு ஓட்டியிருந்தால் அதுவே குற்றமில்லை. நம் பக்கம் பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் உள்ளே போனது பிக்மென்ட்டா, தண்ணீரில் கரையும் சாயமான டையா, டி-ஷர்ட்டுக்குப் போடும் சப்ளிமேஷன் மையா என்பது தெரிந்தாக வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வழி ஏழாவது படியில் வருகிறது.

4. மாதம், நாள், நேரம்

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. லேபில் வேலை குறையும், மெஷின் விற்பனைக்கு வரும். நிறையப் பேர் "ஆடியில் வாங்காதே, மெஷின் சும்மா கிடந்திருக்கும், ஹெட் காய்ந்திருக்கும்" என்று சொல்வார்கள். எனக்கு நேர்மாறான எண்ணம். தையிலும் ஆவணியிலும் தினம் ஓடுகிற மெஷின் எதுவாக இருந்தாலும் நன்றாகத்தான் தெரியும். மூன்று வாரம் சும்மா கிடந்து, மேல்காற்றில் தூசி குடித்து, அதற்குப் பிறகும் நாஸில் செக் (ஹெட்டில் மை வரும் நுண்துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைத் தாள்) முழுசாக வந்தால் அந்த ஹெட் நல்ல ஹெட். பார்த்து வாங்க ஆடிதான் சரியான மாதம்.

விற்பவரிடம் முன்கூட்டியே ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "நான் வரும் வரைக்கும் மெஷினை ஆன் பண்ணாதீங்க. நானே ஆன் பண்ணிப் பாக்கேன்." முகம் மாறாமல் சரி என்று சொல்கிறவரிடம் நம்பிக்கையோடு போகலாம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த ஏரியாவில் என்று முந்தின நாள் பேப்பரில் வரும். பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை. விற்பவர் ஏரியாவில் அன்று மின்தடை இருந்தால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள். காலை 9.30-க்குப் போய், குறைந்தது நாலு மணி நேரம் இருப்பேன் என்று சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் போகவே கூடாது. டியூப் லைட்டில் சாம்பல் நிறத்தின் சாய்வு தெரியாது. பிரிண்ட்டைக் கையில் எடுத்து வாசலில் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

5. கையில் கொண்டு போக வேண்டியவை

உங்கள் லேப்டாப், டிரைவர் ஏற்றியது. யுஎஸ்பி கேபிள், நெட்வொர்க் கேபிள் இரண்டும். டார்ச். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி. டிஷ்யூ பேப்பர், ரப்பர் கையுறை. ஏ4 வெள்ளைத் தாள் ஒரு கட்டு. நீங்கள் வழக்கமாகப் போடும் லஸ்டர் ரோலில் மூன்று, நாலு மீட்டர். கடைசியாகச் சொன்னது முக்கியம். விற்பவர் கொடுக்கும் பேப்பரில் நன்றாக வருவது உங்கள் பேப்பரில் வராமல் போகலாம். முடிந்தால் மெஷின் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள். அவருடைய ஒரு நாள் கூலி வீண் போகாது.

6. ஸ்விட்ச் போடும் முன்

போனதும் மெஷினின் வலது ஓரத்தில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் காலையிலேயே ஓட்டியிருக்கிறார்கள். அருகில் குப்பைக்கூடை இருந்தால் அதிலும் ஒரு பார்வை. இரண்டாவது மெஷினைத் தேடும்போது நான் பார்க்கப் போன ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் அன்று காலை போட்ட நாஸில் செக் தாள்கள் ஏழு கசக்கிக் கிடந்தன. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். ஹெட் ஓடும் பாதையின் மேல் நீளமாகக் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பட்டை போகும், என்கோடர் ஸ்ட்ரிப். அதில் மைப்படலம் படிந்தோ கீறல் விழுந்தோ இருந்தால் ஹெட்டைச் சுமந்து ஓடும் கேரேஜ் தடம் தப்பும், எரர் வரும். மைப்படலத்தைத் துடைத்துவிடலாம், கீறலைத் துடைக்க முடியாது. வேஸ்ட் டேங்கை உருவிப் பாருங்கள். புதிது என்று சொன்னால் புதிதாகவே இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ்களை வெளியே எடுத்துத் தேதியைப் படியுங்கள். திறந்து ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது எப்சன் சொல்லும் கணக்கு.

பின்பக்கத்தையும் விடாதீர்கள். எலி கடித்த ஒயர், பல்லி முட்டை, எறும்புப் புற்று எல்லாம் நம் ஊரில் சாதாரணம்.

7. நாஸில் செக்: நாலு மணி நேரத்தில் பாதி இதற்கு

மெஷினை நீங்களே ஆன் செய்யுங்கள். தானாக ஒரு சின்ன கிளீனிங் ஓடினால் ஓடட்டும். அது முடிந்ததும், வேறு எதையும் அழுத்தவிடாமல், நாஸில் செக் போடுங்கள்.

ஒவ்வொரு கலருக்கும் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் வரும். எப்சன் 9900-ல் ஒரு கலருக்கு 360 நாஸில், பத்து வரிசை. பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு படியாகப் போங்கள். மஞ்சளும் வெளிர் சாம்பலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் ஓட்டை ஒளிந்திருக்கும். விடுபட்ட இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, தாளின் மூலையில் நேரத்தை எழுதுங்கள்.

ஓட்டை இருந்தால் ஒரு சாதாரண கிளீனிங் போடச் சொல்லுங்கள். மறுபடி நாஸில் செக். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

அதே இடத்தில் அதே ஓட்டை நின்றால், அந்த நாஸில் கெட்டியாக அடைத்திருக்கிறது, அல்லது மின்சாரப் பக்கம் செத்திருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் பொறுக்கலாம். ஒரே கலரில் வரிசையாகப் பத்து என்றால் வேண்டாம்.

பழைய ஓட்டை மூடி, புது இடத்தில் ஓட்டை வந்தால் ஹெட் மேல் பழி போடாதீர்கள். உள்ளே காற்று புகுகிறது. காரணம், ஹெட்டுக்கு முன்னால் மை தங்கும் சின்ன அறையான டேம்பர், குழாய் இணைப்பு, அல்லது ஓடாதபோது ஹெட் வந்து உட்காரும் மூடியான கேப்பிங்கின் ரப்பர். இவை மாற்றக்கூடிய பாகங்கள், ஹெட்டைப் பார்க்கச் செலவு குறைவு. விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணம்.

மஞ்சள் கோட்டில் பச்சை கலந்தோ, ஒரு கலருக்குள் பக்கத்துக் கலர் எட்டிப் பார்த்தோ இருந்தால் கவனம். கேப்பிங் அழுக்காக இருந்தாலும் இப்படி வரும். ஹெட்டுக்குள்ளேயே கலர்களைப் பிரிக்கும் அடுக்கு விட்டுப்போனாலும் இப்படித்தான் வரும். கேப்பிங்கைத் துடைத்த பிறகும் கலப்பு போகவில்லை என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு மருந்து கிடையாது.

கிளீனிங் இரண்டுக்கு மேல் அனுமதிக்காதீர்கள். "இன்னொரு பவர் கிளீனிங் போட்டா சரியாயிரும் அண்ணாச்சி, மை என்னுதுதானே" என்பார். சரியாகத்தான் ஆகும், ஒரு மணி நேரத்துக்கு.

கேனனில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். புரோ 2000, 4000-ன் ஹெட்டில் மொத்தம் 18,432 நாஸில். சில அடைத்தாலும் மற்றவை அந்த வேலையைத் தாங்கிக்கொள்ளும்படி மெஷின் தானே சரிக்கட்டும். அதனால் படம் நன்றாக வருவதை மட்டும் பார்த்து ஹெட் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இப்போது மை வகை. ஏ4 தாளில் கலர்ப் பட்டைகள் போட்டு, பத்து நிமிடம் காயவிட்டு, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பிக்மென்ட் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். டை மை சாயம்போன துணி மாதிரி பரவும். கலரெல்லாம் சோகை பிடித்தது போல மங்கலாக வந்தால் சப்ளிமேஷன் மை ஓடியிருக்கலாம். கார்ட்ரிட்ஜில் எழுதியிருப்பது ஒன்று, தாளில் வருவது வேறு என்றால் அந்தப் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

8. முழுக்கலர் சோதனை, பிறகு உங்கள் படம்

ஒவ்வொரு கலரிலும் இரண்டடி நீளத்துக்கு முழுப் பட்டை போடுங்கள். தொடக்கம் அடர்த்தியாக இருந்து முடிவில் வெளிறினால் ஹெட்டுக்கு மை போய்ச் சேரவில்லை. பட்டை முடிந்த கையோடு இன்னொரு நாஸில் செக். முதல் தாளில் முழுசாக இருந்த கலர் இப்போது விடுபட்டிருந்தால் டேம்பரோ குழாயோ சரியில்லை. என் முதல் மெஷினில் இதைச் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நாஸில் செக்குக்குத் தேவையான மை ஒரு துளி. பிழை தெரிவது கனமாக மை போகும்போதுதான்.

அடுத்து கருப்பிலிருந்து வெள்ளை வரை 21 படி சாம்பல் பட்டை. வாசலுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். நடுவில் ஒரு படி மட்டும் பச்சையாகவோ சிவப்பாகவோ சாய்ந்தால் ஏதோ ஒரு கலர் குறைகிறது.

கடைசியாகத்தான் படம். நான் கொண்டு போனது அரக்குப் பட்டுக் கட்டிய ஒரு மணப்பெண்ணின் படம், நன்கு தெரிந்த கோப்பு. மூன்று இடத்தை மட்டும் பார்த்தேன். தாடைக்குக் கீழே நிழல் விழும் இடத்தில் நம் ஊர் மாநிறம் பழுப்பாக இறங்க வேண்டும், சாம்பல் பூக்கக் கூடாது. அரக்குச் சேலையின் மடிப்பில் சிவப்பும் கருப்பும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். எண்ணெய் வைத்து வாரிய முடியில் இழைகள் பிரிய வேண்டும், தார் பூசியது போல அப்பிக் கிடக்கக் கூடாது. முதல் பிரிண்ட்டில் மடிப்பு அப்பியது. பேப்பர் செட்டிங் மேட் என்று இருந்தது. லஸ்டருக்கு மாற்றியதும் சேலை மடிப்பில் ஜரிகைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. வாங்கிவிடலாம் என்று மனசு சொன்னது அப்போதுதான்.

9. பேப்பர் ஓட்டம், கட்டர்

உங்கள் ரோலை நீங்களே ஏற்றுங்கள். ரோலின் உள் உருளை 2 இஞ்ச்சா 3 இஞ்ச்சா என்று பார்த்து, அதற்கான அடாப்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது தொலைந்த மெஷின்கள் நிறைய. இரண்டு மீட்டர் ஓட்டி, பேப்பர் ஒரு பக்கம் சாய்கிறதா, ஓரத்தில் ஹெட் உரசி மைத்தடம் விழுகிறதா என்று பாருங்கள். குறுக்கே சீரான இடைவெளியில் மெல்லிய கோடு விழுந்தால் முதலில் ஹெட் அலைன்மென்ட்டும் பேப்பர் பீட் அட்ஜஸ்ட்மென்ட்டும் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கட்டர் பிசிறில்லாமல் வெட்ட வேண்டும். பிளேடு மாற்றக்கூடியதுதான்.

10. ஸ்டேட்டஸ் ஷீட்

மெனுவில் ஸ்டேட்டஸ் ஷீட் பிரிண்ட் எடுங்கள். மாடலைப் பொறுத்து மொத்தம் எவ்வளவு ஓடியது, கட்டர், மோட்டார், கிளீனிங் யூனிட் போன்றவற்றின் ஆயுள், பழைய எரர் எண்கள் எல்லாம் வரும். இதில் ஒரே எரர் திரும்பத் திரும்ப வந்திருந்தால் அதன் எண்ணை மெக்கானிக்கிடம் போனில் சொல்லிக் கேளுங்கள். அதிகம் ஓடிய மெஷின் என்று பயப்பட வேண்டாம். தினம் ஓடிய மெஷினை நான் நம்புவேன். ஐந்து வருடத்தில் கொஞ்சமே ஓடியது என்றால்தான் யோசிப்பேன்.

11. காகிதம், பணம்

ஜிஎஸ்டி பதிவுள்ளவரிடம் வாங்கினால் பில் கேளுங்கள். பிரிண்டருக்கு 18 சதவீதம். விலை பேசும்போதே வரி உள்ளேயா, வெளியேயா என்று கேட்டுவிட வேண்டும். கைகுலுக்கிய பிறகு கேட்டால் 1,80,000 என்பது 2,12,400 ஆகும்.

பதிவில்லாதவர் என்றால் விற்பனைக் கடிதம் எழுதி வாங்குங்கள். மாடல், சீரியல் நம்பர், தேதி, தொகை, கூடத் தரும் பொருள்கள், மெஷின் மேல் வங்கிக் கடனோ அடமானமோ இல்லை என்ற வரி, இரண்டு பேர் கையெழுத்து, சாட்சி. கடனில் வாங்கிய மெஷினை கடன் முடியாமலே விற்பவர்கள் உண்டு. பழைய பில்லின் அசலை வாங்கிக்கொள்ளுங்கள். பிரிண்ட் வேலையைக் கம்ப்யூட்டரிலிருந்து நிர்வகிக்கும் ஆர்ஐபி சாப்ட்வேர் தருவதாகச் சொன்னால் அதைத் திறக்கும் யுஎஸ்பி சாவியான டாங்கிளையும் லைசென்ஸ் பெயர் மாற்றத்தையும் கடிதத்தில் சேருங்கள்.

"15 நாளுக்குள் ஹெட் பழுதானால் இவ்வளவு தொகை திருப்பித் தருவேன்" என்று ஒரு வரி கேட்டுப் பாருங்கள். எனக்கு இரண்டாவது மெஷினை விற்ற அண்ணாச்சி யோசிக்காமல் எழுதிக் கொடுத்தார்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஒருவரிடமிருந்து 2,00,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி கூடாது. அதோடு, தொழிலுக்கு வாங்கும் பொருளுக்கு ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை வருமான வரியில் தேய்மானக் கணக்கில் சேராது. அட்வான்ஸ் 5,000 போதும், அதுவும் சோதனை முடிந்த பிறகு.

12. ஏற்றி இறக்குவது

44 இஞ்ச் மெஷின் ஸ்டாண்டோடு பெரும்பாலும் 100 கிலோவைத் தாண்டும். நீளம் மாடலைப் பொறுத்து ஐந்தேகால் அடியிலிருந்து ஆறடிக்கு மேல் வரை. உங்கள் ஸ்டுடியோ மாடியில் என்றால் படி திரும்பும் இடத்தை டேப் வைத்து முன்பே அளந்துவிடுங்கள். நான் அளக்கவில்லை. ஜன்னல் கிரில்லைக் கழற்றித்தான் முதல் மெஷினை ஏற்றினோம், அதற்கே 3,500 ரூபாய்.

மெஷினை முறையாக ஆஃப் செய்து, ஹெட் கேப்பிங்கில் போய் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே பிளக்கைப் பிடுங்க வேண்டும். கேனனில் இடம் மாற்றுவதற்கென்றே மெனுவில் ஒரு வழி உண்டு. அதைச் செய்ய வேஸ்ட் மை சேரும் மெயின்டனன்ஸ் கார்ட்ரிட்ஜில் இடம் இருக்க வேண்டும், புதிது ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டைக் கழற்றி, மெஷினை மட்டமாகவே தூக்க வேண்டும். சாய்த்தால் வேஸ்ட் மை உள்ளே வழிந்து போர்டில் இறங்கும். நாலு பேர் வேண்டும். குட்டி யானை வண்டி போதும், கீழே பழைய மெத்தை, மேலே தார்ப்பாய். சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் வருகிறீர்கள் என்றால் தார்ப்பாய் இரண்டு.

தமிழ்நாட்டுக்குள் 1,00,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும், கேரளாவிலிருந்து வருவதென்றால் 50,000-க்கு மேற்பட்டதற்கும் இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) எடுத்துவிடுங்கள். பதிவில்லாதவரும் இ-வே பில் தளத்தில் எடுக்கலாம். கேரள எல்லையில் புளியரையிலோ களியக்காவிளையிலோ வண்டியை நிறுத்திக் காகிதம் கேட்டால் பில்லும் விற்பனைக் கடிதமும் டிரைவர் கையில் இருக்க வேண்டும், உங்கள் வீட்டு மேஜையில் இருந்து பயனில்லை.

13. வந்த பிறகு முதல் 15 நாள்

இறக்கியதும் ஆன் செய்ய அவசரப்படாதீர்கள். ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஒரு கேவிஏ யுபிஎஸ் கட்டாயம். பிரிண்ட் ஓடும்போது கரண்ட் போனால் ஹெட் மூடாமல் பாதி வழியில் நின்று காயும். எப்சன் மெஷின்களுக்குச் சொல்லியிருக்கும் சூடு 35 டிகிரி வரைதான். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் மாடி அறை அதைத் தாண்டிவிடும், ஏசி இல்லாத அறையில் வைக்காதீர்கள்.

தினமும் காலையில் ஒரு நாஸில் செக் போட்டு, தேதி எழுதி, விற்பவர் இடத்தில் எடுத்த தாளோடு ஒப்பிடுங்கள். அங்கே வட்டமிட்ட ஓட்டை இங்கேயும் அதே அளவில் நின்றால் கவலையில்லை. மூன்று நாள் தொடர்ந்து ஓட்டை கூடினால் நாலாம் நாள் வரை காத்திருக்காமல், தாள்களைப் போட்டோ எடுத்து விற்பவருக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்யுங்கள். 15 நாள் தாள்களையும் விற்பனைக் கடிதத்தோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள். மெக்கானிக் எப்போது வந்தாலும் முதலில் கேட்பது அந்தத் தாள்களைத்தான்.